மியூசியத்தில் அடுக்கிய கட்டை

ஒன்பதாம் வகுப்பில் நான் எழுதிய சுற்றுலாக் கட்டுரையை டீச்சர் இரண்டு தடவை அடித்துத் திருப்பிக் கொடுத்தார். முதல் தடவை பக்கத்தின் குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு. இரண்டாம் தடவை கோட்டுக்குக் கீழே, 'மலைக்காட்சி எங்கே? நகரக்காட்சி எங்கே?' என்று இரண்டு கேள்விகள். நான் மலைக்குப் போகவில்லை, நகரத்தை மேலேயிருந்து பார்க்கவில்லை என்பது அந்த டீச்சருக்குத் தெரியும். போகவிடாமல் என்னை உட்கார வைத்தவரே அவர்தான். தெரிந்துகொண்டே கேட்டார். முப்பது வருடம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். போன ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எந்த மியூசியம் என்று தெரிந்துவிடும், யாராவது போய் அங்கே இப்போது இருக்கிற அப்பாவியைப் பிடித்து உலுக்குவார்கள். எனக்கு வேண்டியது அதுவல்ல.

தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வீடு விளாத்திகுளம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கரிசல்காட்டு ஊர். அப்பா மிளகாயும் பருத்தியும் போட்டுவிட்டு மேற்கே மேகம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவும் அக்காவும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டிக் கம்பெனியை யாரும் கம்பெனி என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். மகள் ஆபீசுக்குப் போகிறாள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் மேசையும் நாற்காலியும் காற்றாடியும் நினைத்துக்கொள்வார்கள். அந்த ஆபீசில் உட்காருவதற்குத் தரை மட்டும்தான் உண்டு.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஐந்தாவதோடு அவளை நிறுத்திவிட்டார்கள். அவள் நின்றதால்தான் நான் ஒன்பதாவது வரை வந்தேன், இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். விடியும் முன்னால் ஆபீஸ் வேன் வந்து ஹாரன் அடிக்கும். அக்கா தூக்குச்சட்டியோடு ஓடுவாள். இருட்டிய பிறகு திரும்பி வருவாள். வேனில் ஏறியதும் தூங்கிவிடுவாள், இறங்கும்போது யாராவது எழுப்ப வேண்டும். சனி, ஞாயிறு, பரீட்சை லீவு எல்லாவற்றிலும் நானும் அதே வேனில் போவேன். என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான்.

கட்டை அடுக்குவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கட்டை என்பது ஒரு மரச் சட்டம். அதற்குள் மெல்லிய பலகைகள், ஒவ்வொரு பலகையிலும் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளம். ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி. ஒரு பலகை நிறைந்ததும் அதன் மேல் அடுத்த பலகை. சட்டம் முழுக்க நிறைந்ததும் இறுக்கிவிட்டு, குச்சி நுனியெல்லாம் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு குச்சி துருத்திக்கொண்டிருந்தாலும் மருந்தில் முக்கும்போது பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து கெட்டுப்போகும், கணக்கப்பிள்ளை கட்டையைத் தள்ளிவிடுவார். அடுக்கும்போது அது வெறும் குச்சிதான். அடுக்கி முடித்த பிறகு மெழுகு, அதற்கும் பிறகு மருந்து. தலை முளைப்பது கடைசியில்தான். எட்டு வயதில் உட்கார வைத்தால் பத்து வயதில் கண் பார்க்காமலே கை அடுக்கும்.

அந்த வருடம் பள்ளியில் இரண்டு நாள் சுற்றுலா என்று அறிவித்தார்கள். முதல் நாள் ஒரு கோயில், ஒரு அணைக்கட்டு. இரண்டாம் நாள் மத்தியானம் மியூசியம், சாயங்காலம் அந்த நகரத்தின் ஓரத்தில் இருக்கிற மலை. மலைமேல் கம்பி வேலி போட்டு ஓர் இடம் கட்டியிருக்கிறார்கள், அங்கே நின்றால் நகரம் முழுக்கத் தெரியும், இருட்டுகிற நேரத்தில் விளக்கு எரிய ஆரம்பிப்பதைப் பார்க்கலாம் என்று டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்டார். நான் வீட்டில் கேட்கவே இல்லை. அக்காதான் எப்படியோ கேள்விப்பட்டு, அம்மாவிடம் சண்டை போட்டு என்னைப் பெயர் கொடுக்க வைத்தாள்.

புறப்படுவதற்கு முதல் நாள் அவள் என் பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டே ஒன்று கேட்டாள். எங்கள் ஊரில் பஞ்சாயத்து ஆள் வந்து பியூஸ் போட்டால் தெருவிளக்கு நான்கும் சேர்ந்து எரியும், பியூசைப் பிடுங்கினால் நான்கும் அணையும்.

"ஏட்டி, அவ்வளவு பெரிய ஊர்ல வெளக்கு எல்லாம் ஒண்ணா எரியுமா, இல்ல ஒண்ணொண்ணா எரியுமா? நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

நான் சிரித்தேன். கோவில்பட்டியிலேயே பார்க்கலாமே என்றேன். கோவில்பட்டி விளக்கு எரியும்போது நான் எங்கே இருக்கேன் என்று அக்கா திருப்பிக் கேட்டாள். கண்டிப்பாகப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னேன். இரண்டு நாளும் எனக்கு வேறு வேலையே இல்லை, கோயிலும் அணைக்கட்டும் எப்படியோ போகட்டும், அந்த விளக்கை மட்டும் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் நினைப்பு.

இரண்டாம் நாள் மூன்று மணிக்கு மியூசியத்துக்குள் நுழைந்தோம். கல்சிலை, காசு, கத்தி, பஞ்சு அடைத்த புலி. புலியின் ஒரு காது பிய்ந்திருந்தது. வரிசையாக நடந்து, எதையும் தொடாமல், டீச்சர் சொன்னதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தோம். கடைசிக் கூடத்தில் புதிதாகத் தொழில்களைப் பற்றி ஒரு பகுதி வைத்திருந்தார்கள். அங்கேதான் ஓர் அறை அளவுக்குக் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் எங்களை வைத்திருந்தார்கள்.

எங்களை என்றால் ஒரு பொம்மையை. ஆள் உயரத்துக்கு ஒரு பெண். மைதா மாவு நிறம், பட்டுப் பாவாடை, காதில் ஜிமிக்கி, தலை நிறைய கனகாம்பரம். பின்னால் சுவரில் பச்சைப் பசேலென்று வயலும் தென்னை மரமும் வரைந்திருந்தது. தென்னைக்கு அடியில் உட்கார்ந்து மடியில் கட்டையை வைத்துக்கொண்டு அந்தப் பொம்மை பல் தெரியச் சிரித்தது. பக்கத்தில் இன்னும் ஐந்து கட்டைகள் அடுக்கி இருந்தன. கீழே பலகையில், 'தீப்பெட்டித் தொழில்: கரிசல் நிலப் பெண்கள் தம் ஓய்வு நேரத்தில் மகிழ்வுடன் செய்யும் குடிசைத் தொழில்' என்று எழுதியிருந்தது.

ஓய்வு நேரத்தில். மகிழ்வுடன். அப்போது அந்த வார்த்தைகள் என்னை ஒன்றும் செய்யவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பதினான்கு வயதில் பலகையில் அச்சாக எழுதியிருப்பதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். என் கண்ணை உறுத்தியது வேறு. கட்டை தப்பாக இருந்தது.

எவனோ கடையில் தீப்பெட்டி வாங்கி, குச்சியை உருவி, பள்ளத்தில் செருகி வைத்திருந்தான். பாதிக் குச்சிக்குத் தலை இந்தப் பக்கம், பாதிக்கு அந்தப் பக்கம். சில பள்ளத்தில் இரண்டு குச்சி, சில பள்ளம் காலி. பொம்மையோ கட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தது. எங்கள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. என் பக்கத்தில் நின்ற இடதுகைக்காரி, அவளும் எங்கள் ஆபீஸ்தான், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பட்டுப் பாவாடை உடுத்தி ஆபீசுக்கு வந்திருக்கா பாரு, கணக்கப்பிள்ளைக்குச் சொந்தக்காரியா இருப்பா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோசம் வந்தது. டீச்சரிடம் போய், இது தப்பு, இப்படி அடுக்க மாட்டார்கள் என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கூடத்தின் மூலையில் நின்றிருந்த ஒருவர் விறுவிறுவென்று எங்கள் பக்கம் வந்தார். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரி. கோபப்படப் போகிறார் என்று பயந்தேன். அவர் கோபப்படவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். கோவில்பட்டி என்றதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து அந்தப் பகுதியைத் திறந்து வைக்கப் போகிறார்களாம். கட்டைகளை ஒரு கம்பெனியிலிருந்து வாங்கி வந்தார்களாம், வெறும் குச்சி ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார்களாம், அடுக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் அலுவலக உதவியாளரை விட்டுச் செருகச் சொன்னாராம், தலையில்லாத குச்சி பார்க்க நன்றாக இல்லை என்று அந்த ஆள் கடைத் தீப்பெட்டிக் குச்சியைச் செருகிவிட்டாராம். ஏதோ தப்பு என்று அவருக்கே பட்டதாம், என்ன தப்பு என்று தெரியவில்லையாம். டீச்சரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பேசினார். நான்கு பிள்ளைகளைக் கொடுத்தால் போதும், பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம், மலைக்கு அவரே ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிடுவார்.

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "யாருக்கெல்லாம் கட்டை அடுக்கத் தெரியும்? கை தூக்குங்க" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே வருடம் பள்ளி திறந்த கொஞ்ச நாளில், பிள்ளைகள் யாரும் தீப்பெட்டி வேலைக்குப் போகிறார்களா என்று கணக்கெடுக்க அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் இதே டீச்சர் எங்களிடம் வந்து, கேட்டால் ஒருத்தியும் கையைத் தூக்கக் கூடாது, பள்ளிக்கூடத்துக்குத்தான் கெட்ட பேர் என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தவர்கள் கேட்டார்கள். நாற்பது பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் விரல் நுனியில் குச்சிச் சிராய் குத்திய புண் அப்போதுகூட ஆறியிருக்கவில்லை. அவர்கள் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது அதே டீச்சர் கை தூக்கச் சொன்னார். இருபது கைக்கு மேல் உயர்ந்திருக்கும். முதல் கை என்னுடையது. கணக்குப் பாடத்தில் கூட நான் அவ்வளவு வேகமாகக் கை தூக்கியதில்லை. பள்ளிக்கூடத்துக்குள் மறைத்துவைத்திருந்த ஒன்றை முதல்முறையாகப் பெரியவர்கள் மதித்துக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர் என்னையும் இடதுகைக்காரியையும் இன்னும் இரண்டு பேரையும் நிறுத்திவிட்டு மற்றவர்களைப் பஸ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கண்ணாடியைக் கழற்றினார்கள். மொசைக் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தோம். சாக்கை அவிழ்த்துக் குச்சியைக் கொட்டினார்கள். ஆறு கட்டை. ஒரு கட்டைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அந்த அதிகாரிக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். நான்கு பேர் சேர்ந்தாலும் ஆறு கட்டையைப் பத்து நிமிடத்தில் அடுக்க முடியாது. அதைச் சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. முதலில் பழைய குச்சியை எல்லாம் உருவ வேண்டியிருந்தது. அதற்கே பத்து நிமிடம் போனது.

அடுக்க ஆரம்பித்ததும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒரு குடும்பம் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்று பார்த்தது. டை கட்டிய பள்ளிக்கூடப் பையன்கள் வரிசையாக வந்து நின்றார்கள். கை எவ்வளவு வேகமாகப் போகிறது பார் என்று அவர்களுடைய ஆசிரியர் காட்டினார். ஒரு அம்மாள் கேமராவை எடுத்துவிட்டுத் தயங்கினார். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. அதிகாரி சிரித்துக்கொண்டே, "காட்சிப் பொருளைத்தான் எடுக்கக் கூடாது, இந்தப் பிள்ளைகளை எடுத்துக்கலாம்" என்றார். நாங்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்காக என்னையே அறையலாம் போலிருக்கிறது. எங்கள் படம் யார் வீட்டு ஆல்பத்திலோ இன்றைக்கும் இருக்கும், பொம்மையோடு சேர்த்து ஐந்து பேராக.

மூன்று கட்டை முடிந்தபோது இடதுகைக்காரி சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். ஐந்தே கால். இப்போது கிளம்பினால் மலைக்குப் போய்விடலாம். முடித்த மூன்றையும் முன்னால் வைத்துவிடுவோம், மீதி மூன்றையும் பின்னால் சாத்தி வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்றாள். மற்ற இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். அதிகாரியும் அங்கே இல்லை. அவர்கள் சொன்னதுதான் சரி. எழுந்து வாசலுக்குப் போய் ஜீப் எங்கே என்று கேட்டிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

நான்தான் தடுத்தேன். "நம்ம ஊர்க்காரி எவளாவது வந்து பாத்தா காறித் துப்புவா. அரைகுறையா வச்சிட்டுப் போகக் கூடாது, உக்காருங்கட்டி" என்றேன். கணக்கப்பிள்ளை பேசுகிற மாதிரியே பேசினேன். அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரி எவளும் டிக்கெட் எடுத்து அந்த மியூசியத்துக்குள் வரப்போவதில்லை, வந்தாலும் கட்டையைப் பார்த்துத் துப்ப மாட்டாள், அந்தப் பலகையைப் பார்த்துத்தான் துப்புவாள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. விளக்கைப் பார்க்கத்தான் வந்தோம் என்பதும் அந்த ஒரு மணி நேரம் எனக்கு மறந்தே போயிருந்தது. குச்சி மட்டமாக இருக்கிறதா என்பது மட்டும்தான் நினைப்பில் இருந்தது.

முடித்து, இறுக்கி, ஆறு கட்டையையும் தடவிப் பார்த்து, பொம்மையின் மடியில் இருந்ததைச் சரியான பக்கம் திருப்பி வைத்தோம். அதிகாரி வந்து பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். ஜீப் பெரிய அதிகாரிகளைக் கூப்பிட ரயிலடிக்குப் போய்விட்டது என்றார். வாட்ச்மேனை எங்களுக்குத் துணையாக அனுப்பினார். வெளியே வந்தோம்.

எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. கடைகளில், கம்பங்களில், பஸ்களில், மாடி மாடியாக. எப்போது எரிய ஆரம்பித்தது, எது முதலில் எரிந்தது, ஒன்றும் தெரியாது. அந்த வாசல்படியில் நின்றபோதுதான் அக்கா கேட்டது ஞாபகம் வந்தது. கையில் கலர் பாட்டில் இருந்தது, பாதி மிச்சம். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பாட்டிலைச் சுவரில் விட்டெறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை, கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வாட்ச்மேன் பின்னாலேயே நடந்தேன்.

மலையடிவாரத்துக்குப் போனபோது மற்றவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பஸ் கிளம்பத் தயாராக நின்றது. நான் டீச்சரிடம் ஐந்து நிமிடம் மேலே ஓடிப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். கேட் சாத்திவிட்டார்கள், நீதான் மியூசியத்தையே உள்ளே புகுந்து பார்த்துவிட்டாயே, அதைவிடவா இது பெரிது என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பஸ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கோவில்பட்டி பஜாரில் கடை வைத்திருக்கிறவர் வீட்டுப் பெண். கட்டை அடுக்குவது அவளுக்குத் தெரியாது. விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்ததா, ஒவ்வொன்றாக எரிந்ததா என்று அவளிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்தாள். கவனிக்கவில்லை, ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றாள். முன் சீட்டில் இருந்தவளிடம் கேட்டேன். அவளும் கவனிக்கவில்லை. அத்தனை பேர் மலையேறிப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒருத்திகூட அதைப் பார்த்து வைக்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன செய்ய, அவர்களிடம் பார்த்துவிட்டு வரச் சொல்லி யாரும் கேட்டு அனுப்பவில்லை. அப்போது மட்டும் எனக்கு அந்தப் பஸ்சில் இருந்த ஒவ்வொருத்தி மேலும் வெறுப்பு வந்தது.

திங்கட்கிழமை கட்டுரை எழுதச் சொன்னார்கள். 'நான் கண்ட நகரம்' என்று தலைப்பு. நான் கண்டதை எழுதினேன். மியூசியத்தில் நாங்கள் கட்டை அடுக்கினோம், ஆறு கட்டை, கலர் குடித்தோம், விளக்கு எரிந்ததைப் பார்க்கவில்லை என்று எழுதினேன். குறுக்கே கோடு வந்தது. திருப்பி எழுதினேன். பொம்மைக்கு ஏன் பட்டுப் பாவாடை, எங்கள் ஊரில் ஏது தென்னை என்று இரண்டு வரி சேர்த்தேன். கோட்டோடு கேள்விகள் வந்தன. இந்தக் கட்டுரையைத் தலைமையாசிரியர் பார்ப்பார், சுற்றுலா போய் வேலை செய்தேன் என்றா எழுதுவது, பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று டீச்சர் கேட்டார். மூன்றாம் தடவை பஜார் கடைக்காரர் மகளின் நோட்டைப் பார்த்து எழுதினேன். அவளே எங்கிருந்தோ பார்த்துத்தான் எழுதியிருந்தாள். 'மலையுச்சியிலிருந்து நோக்கியபோது விண்மீன்கள் மண்ணில் இறங்கியது போன்று நகரம் ஒளிர்ந்தது. எம் உள்ளம் உவகையில் துள்ளியது.' சிவப்பு மையில் 'நன்று' என்று வந்தது.

அக்காவிடம் ஒரு வாரம் பிடிகொடுக்காமல் இருந்தேன். வந்த அன்றைக்கு அசதி என்றேன். அடுத்த நாள் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்றேன். அவளும் இருட்டிய பிறகு வந்து சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குச்சி லோடு வராததால் ஆபீஸ் லீவு. மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டு, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் என் கட்டுரை நோட்டு. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. ஐந்தாவது வரை படித்த படிப்பு, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். விரலை வரிக்கு அடியில் வைத்து மெல்ல மெல்ல வாசித்தாள். உவகை என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். கடைசி வரை வாசித்துவிட்டு மறுபடியும் மேலே போனாள்.

"ஒண்ணா எரிஞ்சுதா, ஒண்ணொண்ணா எரிஞ்சுதான்னு இதுல போடலயேட்டி."

பொய் சொல்லியிருக்கலாம். ஏதாவது ஒன்றைச் சொன்னால் அவள் நம்பியிருப்பாள். சந்தோஷமாக ஆபீசில் போய்ச் சொல்லியிருப்பாள். ஆனால் அந்த 'விண்மீன்கள்' மேல் அவள் விரல் இருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நோட்டைப் பிடுங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கை தூக்கச் சொன்னது, நான் முதலில் தூக்கியது, ஐந்தே காலுக்கு எழுந்தவர்களை நான் உட்கார வைத்தது, வெளியே வந்தபோது எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அக்கா திட்டட்டும் என்று காத்திருந்தேன். எவள் கேட்டாலும் உட்கார்ந்துவிடுவாயா, லீவு நாளில் கூட உனக்கு அந்தச் சனியன்தானா என்று கேட்டு, முதுகில் ஒன்று போடட்டும் என்று இருந்தது. அப்படிச் செய்திருந்தால் நான் இதை என்றைக்கோ மறந்திருப்பேன்.

அக்கா கொஞ்ச நேரம் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு கேட்டாள்.

"சரியா அடுக்குனியா?"

"சரியா அடுக்குனேன். கைய வச்சுத் தடவிப் பாத்தேன், ஒரு குச்சி துருத்தல" என்றேன்.

அக்கா தலையாட்டினாள். அது போதும் என்பது போல ஈர முடியை உதறிவிட்டு எழுந்து உள்ளே போனாள். விளக்கைப் பற்றி அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

பிழைப்புக்காகப் பல ஊர்களில் இருந்துவிட்டேன். பன்னிரண்டாவது மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன், சாயங்காலம் தலையைத் திருப்பினால் நகரம் முழுக்கத் தெரியும். டீச்சர் மேல் இருந்த கோபம் வயதாக ஆகக் கொஞ்சம் நீர்த்துவிட்டது. அந்த அதிகாரியின் முகமே மறந்துவிட்டது, பலகையை இப்போது யாராவது மாற்றியிருந்தாலும் இருக்கலாம். முற்றத்தில் அக்கா தலையாட்டியபோது அவள் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. அதைப் பார்த்து எனக்கும் அழுகை நின்று, மனசு நிறைந்துபோனது. விளக்கைக் கேட்டவளுக்கும் பார்க்கப் போனவளுக்கும் சரியாக அடுக்கிய கட்டையே போதும் என்று ஆகிவிட்டதே, அதை மட்டும் என்னால் யாருக்கும் மன்னிக்க முடியவில்லை.